கட்டியக்காரனும் ஏப்பம் விடும் தாத்தாவும்: கெட்ட வார்த்தை கார்ட்டூனில் சிரிப்பு எங்கே இருக்கிறது

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது நீ கேட்டது இது: "ஹாஸ்டல்ல எல்லாரும் ரிக் அண்ட் மார்ட்டின்னு ஒரு அமெரிக்கக் கார்ட்டூன் போட்டுட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க அண்ணா. நானும் மூணு எபிசோடு பார்த்தேன். ஏப்பம், வாந்தி, கெட்ட வார்த்தை, நடுவுல கொஞ்சம் விண்வெளி. எனக்குச் சிரிப்பே வரல. அதுல நிஜமாவே நகைச்சுவை இருக்குதா, இல்ல எனக்குத்தான் புரியலையா?" பதிலை ஆரம்பிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. நின்றுகொண்டு இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நகைச்சுவை இருக்கிறது. உன் ரசனையிலும் குறை இல்லை. நீ பார்த்ததாகச் சொன்ன மூன்று: தாத்தா வெள்ளரிக்காய் ஊறுகாயாக மாறுவது, குடும்பமே உட்கார்ந்து வேற்று உலகத்து டிவி பார்ப்பது, ராட்சத விந்தணுக்கள் கூட்டமாக வந்து தாக்குவது. ஹாஸ்டல் பையன்கள் தங்களுக்குப் பிடித்ததைப் பொறுக்கிப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். முதலாவதில் சிரிப்பு உண்டு, ஆனால் எதற்காகச் சிரித்தோம் என்பது கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தெரியும். இரண்டாவதின் உயிர் நீ பார்க்காத இன்னொரு எபிசோடில் கிடக்கிறது. மூன்றாவதில் எனக்கும் சிரிப்பு வரவில்லை, ஏன் என்றும் சொல்கிறேன்.

நான் பதினோரு வருடம் சென்னையில் அனிமேஷன் வேலை பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். என் வேலை ஸ்டோரிபோர்டு. கதையைக் காட்சி காட்சியாக வரைந்து, யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை நொடி பேசாமல் நிற்கிறார்கள் என்று கட்டம் போடுவது. சிரிப்பு வருமா வராதா என்பது பெரும்பாலும் அந்தப் பேசாத நொடிகளில் முடிவாகிவிடும். அந்தக் கண்ணோடுதான் இந்தத் தொடர்களைப் பார்க்கிறேன். அதற்கும் முந்திய ஒரு கண் இருக்கிறது, அது நம் தர்மராஜா கோயில் மைதானத்தில் கிடைத்தது.

பாரதம் நடக்கும் பதினெட்டு நாளும் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. சின்ன வயதில் பாட்டியோடு கோணிப்பை விரித்துப் படுத்திருப்பேன். பன்னிரண்டு மணிக்கு மேல் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வாயைத் திறந்தால் பாட்டி, "திரும்பிப் படுங்கடா" என்பாள். புருஷன் பெண்டாட்டி சமாசாரம், வயிற்றுப்போக்கு, ராஜாவின் வேட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற விசாரணை, எதையும் விட மாட்டான். பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பாட்டியும் சிரிப்பாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. தோல்பொம்மலாட்டத்திலும் இதே கதைதான். ராமர் கதை ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் கேத்திகாடும் பங்காரக்காவும் திரைக்கு வந்து வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். தமிழ்ப் பக்கத்துத் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அந்த வேலையைச் செய்வார்கள். மனிதர்கள் மேடையில் செய்தால் அடிதடி ஆகக்கூடியதை ஆட்டுத்தோல் பொம்மை செய்தால் ஊரே உட்கார்ந்து பார்க்கும். பொம்மைக்கு வலிக்காது, பொம்மைக்கு மானம் போகாது. பெரியவர்களுக்கான கார்ட்டூன் நிற்கும் அஸ்திவாரமும் இதுதான்.

நேரமும் ஒன்றுதான். ரிக் அண்ட் மார்ட்டி வருகிற அடல்ட் ஸ்விம் என்பது தனியாக முளைத்த சேனல் இல்லை. பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன் நெட்வொர்க்கிலேயே, பிள்ளைகள் தூங்கிய பிறகு, 2001 செப்டம்பர் 2 முதல் ராத்திரி வேளையில் ஓட ஆரம்பித்த பகுதி அது. "திரும்பிப் படுங்கடா" என்று சொல்லத்தான் அங்கே பாட்டி இல்லை.

ஒரு ராத்திரி அபிமன்யு செத்த கதை. அதுவரை தன் தொப்பையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்த கட்டியக்காரன், சேதி வந்ததும் தலையில் இருந்த குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. மைதானம் முழுக்க அழுதது. அழுவதற்கென்றே வந்த சுபத்திரை வேஷக்காரரைப் பார்த்து அழுததைவிட இவனைப் பார்த்துத்தான் ஜனங்கள் அதிகம் அழுதார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. ஏன் அப்படி என்று புரிய ரொம்ப வருடம் ஆனது. புரிய வைத்ததில் பாதி தொல்காப்பியம், பாதி இந்த ஏப்பம் விடும் தாத்தா.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் சிரிப்பு எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் கேலி. இளமை, பிள்ளைத்தனம். பேதைமை, அறியாமை. மடன் கொஞ்சம் நுட்பமானது. யாரோ சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆனாலும் விடாத குணம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். இப்போது அந்தக் கார்ட்டூன் குடும்பத்தை எடுத்துக்கொள். தாத்தா ரிக், பிரபஞ்சத்தையே கேலி செய்யும் விஞ்ஞானி, எள்ளல். பதினான்கு வயதுப் பேரன் மார்ட்டி, திக்கித் திக்கிப் பேசுகிறவன், இளமையும் பேதைமையும். மருமகன் ஜெர்ரி, மடன்.

ஜெர்ரிக்கு என்றே முதல் பருவத்தின் ஒன்பதாவது எபிசோடில் ஒரு கதை இருக்கிறது. 2006இல் வானியலாளர்கள் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்துக் குறுங்கோள் ஆக்கினார்கள் இல்லையா? ஜெர்ரி பள்ளியில் ஒன்பது கோள் என்று படித்தவர். மகன் எட்டு என்று சொல்ல, இவர் ஒன்பது என்று சாதிக்கிறார். இந்தப் பிடிவாதம் புளூட்டோவாசிகளின் காதுக்கு எட்டி, அவர்கள் ஜெர்ரியைத் தூக்கிக்கொண்டு போய் ராஜ மரியாதை செய்கிறார்கள். அங்கே போனால், சுரங்கம் தோண்டித் தோண்டி அவர்கள் கிரகம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதை ஒத்துக்கொள்ளாத பணக்கார ராஜாவுக்கு, "இது கோள்தான்" என்று சொல்லும் ஒரு பூமிக்காரர் தேவைப்படுகிறார். ஒரு நடுத்தர வர்க்க அப்பாவின் வீம்பிலிருந்து, கிரகம் அழிவதை மறைக்கும் அரசியல் வரைக்கும் ஒரே கோட்டில் கதை போகிறது. இதில் ஏப்பமே தேவைப்படவில்லை பார். மடன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போக முடிகிறது.

சரி, அசிங்கத்துக்கு வருகிறேன். உன்னை உறுத்தியது அதுதானே. அருவருப்பு என்று நாம் சொல்வதற்குத் தொல்காப்பியர் வைத்த பெயர் இளிவரல். அதற்கும் நான்கு காரணம்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மென்மை என்றால் இங்கே எளியவனாகிப் போன நிலை. இதை முதல்முறை படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மலம், மூத்திரம், எச்சில் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. கிழடு தட்டுவது, நோயில் விழுவது, துக்கப்படுவது, கையாலாகாமல் போவது. மனிதன் முகம் சுளிப்பது உண்மையில் இவற்றைப் பார்த்துத்தான் என்கிறார். எச்சிலைப் பார்த்து முகம் சுளிப்பது, எச்சில் வழிவதைத் துடைத்துக்கொள்ள முடியாத ஒரு கிழவனை அது ஞாபகப்படுத்துவதால்தான்.

மருட்கை என்ற வியப்புக்கும் நான்கு இருக்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். புதியது, ரொம்பப் பெரியது, ரொம்பச் சின்னது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. அறிவியல் புனைகதை மொத்தமும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். ஊறுகாயாக மாறுவது ஆக்கம்தான்.

ஆக, நீ கேட்ட இந்த வகைக் கார்ட்டூன் என்பது ஒரு பக்கம் மருட்கை, ஒரு பக்கம் இளிவரல், நடுவில் நகை. அந்த அசிங்கம் மூப்பிலிருந்தும் பிணியிலிருந்தும் வருத்தத்திலிருந்தும் வரும்போது சிரிப்பு நிற்கிறது. வெறும் கழிவாக மட்டும் வரும்போது விழுந்துவிடுகிறது. என் அனுபவத்தில் இந்த அளவுகோல் தப்பியதே இல்லை.

ரிக்கின் முகத்தைக் கவனித்திருக்கிறாயா? ஆரம்பப் பருவங்களில் தாடையில் எச்சில் கறை ஒன்று ஒட்டியிருக்கும். அதை யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். கண்ணின் பாப்பா வட்டமாக இருக்காது, பேனாவால் கிறுக்கிய மாதிரி இருக்கும். எழுபது வயது, மகள் வீட்டில் குடியிருப்பு, அந்த வீட்டு கராஜில் ஆய்வுக்கூடம், கோட்டுப் பையில் எந்நேரமும் சாராயக் குப்பி. வாக்கியத்தின் நடுவில் வரும் ஏப்பம் அந்தக் குப்பியிலிருந்து வருகிறது. அவர் சும்மா சும்மா உளறுகிற, அர்த்தமே இல்லாத ஒரு குதூகலச் சொற்றொடர் ஒன்று உண்டு. உன் ஹாஸ்டலில் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டிருக்கிறவர்கள்கூட இருப்பார்கள். முதல் பருவத்தின் கடைசி எபிசோடில் பறவை உருவம் கொண்ட அவருடைய நண்பர் மார்ட்டியிடம் சொல்கிறார்: எங்கள் பாஷையில் அதற்கு அர்த்தம் "எனக்குத் தாங்க முடியாத வலி, காப்பாற்றுங்கள்" என்பது. அதுவரை நாம் சிரித்த சத்தம் அது. கட்டியக்காரன் குல்லாவைக் கழற்றிய இடம் மாதிரியான இடம்.

இப்போது நீ பார்க்காத அந்த எபிசோடு. முதல் பருவம், ஆறாவது, 2014. மார்ட்டிக்கு வகுப்பில் ஒரு பெண் மேல் ஆசை. தாத்தாவிடம் வசியமருந்து கேட்கிறான். அந்தச் சமயம் ஊரில் ஃபுளூ காய்ச்சல். மருந்தும் காய்ச்சலும் சேர்ந்து தொற்றாகி, உலகமே மார்ட்டி மேல் மோகம் கொள்கிறது. ரிக் மாற்று மருந்து கலக்கக் கலக்க ஜனங்கள் முதலில் பூச்சி ஜந்துக்களாகவும், பிறகு சதைப்பிண்டங்களாகவும் மாறிவிடுகிறார்கள். அதுவரைக்கும் சரியான ஆபாசக் கூத்து. சரிசெய்யவே முடியாது என்று தெரிந்ததும் ரிக் ஒரு வழி சொல்கிறார். எண்ணற்ற உலகங்கள் இருக்கின்றன, இந்தச் சிக்கலை எப்படியோ தீர்த்துவிட்ட ஓர் உலகத்தில், தீர்த்த கையோடு ரிக்கும் மார்ட்டியும் ஒரு வெடிவிபத்தில் செத்துப்போகிறார்கள். அங்கே போய் அந்தக் காலி இடத்தில் இவர்கள் நுழைந்துகொள்ளலாம். அவ்வளவுதான்.

போகிறார்கள். கராஜில் தங்களுடைய பிணங்களே சிதறிக் கிடக்கின்றன. பின்கட்டில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். பேச்சு நின்றுவிடுகிறது, மெல்லிய பாட்டு ஒன்று மட்டும். மார்ட்டி வீட்டுக்குள் நடந்து வருகிறான். அப்பாவும் அம்மாவும் வழக்கம்போல ஏதோ சண்டை, அக்கா அங்கேயே இருக்கிறாள், எல்லாம் அதே மாதிரி. யாரும் அவனுடைய அப்பா அம்மா இல்லை. சோபாவில் உட்கார்கிறான், கண் எங்கோ நிலைகுத்தி இருக்கிறது.

ஸ்டோரிபோர்டுக்காரனாக அந்தக் காட்சியைப் பத்துத் தடவையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இந்தத் தொடரில் யாரும் வாயை மூடுவதில்லை, அதனால்தான் இங்கே மௌனம் அவ்வளவு கனமாக விழுகிறது. மார்ட்டியின் முகத்தில் கண்ணீர் வரையவில்லை. தட்டையான முகத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். வியப்பின் உச்சமான ஒரு கருத்து, எண்ணற்ற உலகங்கள் என்பது, ஒரு பையன் தன் பிணத்துக்குத் தானே மண் தள்ளுகிற இடத்தில் வந்து உட்காருகிறது. இதற்கு முன்னால் வந்த அத்தனை ஆபாசமும் இந்த நிமிடத்தை நாம் எதிர்பார்க்காமல் இருக்கத்தான். சோகக் கதை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் மனதைத் தயார் செய்துகொண்டிருப்போம். சிரித்துக்கொண்டிருந்தவன் தயாராக இருப்பதில்லை.

நீ பார்த்த டிவி எபிசோடு அதற்கு இரண்டு எபிசோடு தள்ளி வருகிறது. அதில் வரும் வேற்று உலகத்து விளம்பரங்களும் படத் துண்டுகளும் பெரும்பாலும் மைக் முன்னால் மனதில் தோன்றியதை அப்படியே பேசிப் பதிவு செய்தவை. சிலது நன்றாக இருக்கும், பாதி இழுவை. தனியாகப் பார்த்தால் நீ சொன்னது முழுக்க நியாயம். இந்தத் தொடரின் வேரே அப்படிப்பட்டதுதான். இதை உருவாக்கிய இருவரில் ஒருவரும், ரிக்குக்கும் மார்ட்டிக்கும் குரல் கொடுத்தவருமான ஜஸ்டின் ரோய்லண்ட் 2006இல் ஒரு குறும்பட விழாவுக்காக, ஹாலிவுட்டில் புகழ்பெற்ற ஒரு காலப்பயண விஞ்ஞானியையும் பையனையும் வைத்து ஆபாசமான ஒரு நையாண்டிக் கார்ட்டூன் துண்டு செய்தார். அதைத் தொடராக்கியபோது டான் ஹார்மன் சேர்ந்தார். கதையை எட்டுப் படிகளாகப் பிரித்து வட்டமாக வரைந்து வேலை செய்கிறவர் அவர். ஒருவரிடம் வாய், ஒருவரிடம் எலும்புக்கூடு. 2013 டிசம்பர் 2 அன்று தொடர் வெளியானது. 2023இல் சேனல் ரோய்லண்டுடன் இருந்த தொடர்பை முடித்துக்கொண்டு, ஏழாவது பருவத்தில் ரிக்குக்கும் மார்ட்டிக்கும் இரண்டு புதிய குரல்களைப் போட்டது. ஏப்பம் விடுகிற தொண்டை மாறியும் தொடர் நடந்தது. எலும்புக்கூடு உறுதியாக இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

ஊறுகாய் எபிசோடு 2017இல் வந்தது, மறுவருடம் எம்மி விருது வாங்கியது. உன் ஹாஸ்டலில் சாக்கடைச் சண்டையைப் பார்த்துத்தான் குதித்திருப்பார்கள். ரிக் கரப்பான் பூச்சியின் மூளையை நாக்கால் தொட்டுக் கால்களை ஆட்டி வைப்பதும், எலி எலும்புகளால் உடம்பு கட்டிக்கொள்வதும் படு அருவருப்பு, படு கெட்டிக்காரத்தனம். ஆனால் அவர் ஏன் ஊறுகாய் ஆனார்? குடும்பத்தோடு மனநல ஆலோசகரிடம் போகவேண்டிய நாள் அது. அதற்குப் பயந்து. ஒரு மணி நேரம் உட்கார்ந்து மகளின் மனக்குறையைக் கேட்பதைவிட எலியோடு சாகச் சண்டை போடுவது அவருக்குச் சுலபம். கடைசியில் அந்த ஆலோசகர் அம்மா குரலை உயர்த்தாமல் பேசுகிறார். மனதைப் பராமரிப்பது பல் துலக்குவது மாதிரி அலுப்பான வேலை, அதில் சாகசம் இல்லை, சிலர் அதைச் செய்வதைவிடச் சாவதே மேல் என்று இருப்பார்கள் என்ற பொருளில். திரும்பி வரும் காரில் பிள்ளைகள் மறுபடி அவரிடம் போகலாமா என்று கேட்கிறார்கள், அம்மாவும் தாத்தாவும் அதைக் காதில் வாங்காமல் குடிக்கப் போவதைப் பேசுகிறார்கள். ஊறுகாய் என்பது பிணி. நம் தெருவில் தறி ஓட்டிக்கொண்டே குடித்து, வீட்டில் பேசவேண்டிய ஒரு பேச்சையும் பேசாமல் போய்ச்சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அந்த எபிசோடைப் பார்த்துவிட்டு நான் ஒரு வாரம் அவர்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக நீ பார்த்தது ஐந்தாவது பருவத்து விந்தணு எபிசோடு, 2021. அதில் அசிங்கம் எங்கிருந்து வருகிறது? ஒரு வளரும் பையனின் வெட்கத்திலிருந்து. அது நல்ல ஆரம்பம், இளமையும் மென்மையும் இருக்கிற இடம். ஆனால் முதல் சில நிமிடத்தில் அந்த வெட்கத்தை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ராட்சத உருவம், அப்புறம் ராணுவம், அப்புறம் இன்னும் பெரிய உருவம். சவுத் பார்க் என்ற இன்னொரு பெரியவர்கள் கார்ட்டூனைச் செய்கிறவர்களில் ஒருவரான ட்ரே பார்க்கர் மாணவர்களுக்கு ஒரு சூத்திரம் சொல்லியிருக்கிறார். இரண்டு காட்சிகளுக்கு நடுவில் "அப்புறம்" என்று போட்டால் கதை செத்தது, "அதனால்" அல்லது "ஆனால்" என்று போட முடிந்தால் உயிரோடு இருக்கிறது. அவர்கள் ஒரு எபிசோடை ஆறே நாளில் முடிக்கிறவர்கள், 1997இல் வந்த முதல் எபிசோடிலேயே வேற்றுக்கிரகவாசிகளையும் குசுவையும் ஒன்றாகக் கட்டியவர்கள். அசிங்கத்தில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் அந்த அசிங்கம் அடுத்த காட்சிக்குக் காரணமாக இருக்கும்.

இது எனக்குக் கைப்பட்ட பாடம். சென்னையில் நான் இருந்த ஓர் இடத்தில் பெரியவர்களுக்கான விண்வெளித் தொடர் ஒன்றுக்குப் பதினோரு நிமிட மாதிரி எபிசோடு செய்தோம். கிரகத்துக்குக் கிரகம் சரக்கு ஏற்றிப்போகும் ஒரு லாரி டிரைவர் கதை. பக்கத்துக்கு ஒரு உடம்பு ஜோக்காவது இருக்கவேண்டும் என்பது உத்தரவு. முதல் குசுவுக்கு எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவதுக்குப் பாதிப் பேர். நான்காவது வந்தபோது அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. நான் அந்த டிரைவருக்கு மூலவியாதி இருப்பதாக வேறொரு பலகை வரைந்து காட்டினேன். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பல வருடம் உட்கார்ந்தே போகவேண்டியவன், உட்காரவே முடியாதவன். அவன் எடுக்கும் ஒவ்வொரு தப்பு முடிவுக்கும் அந்த வலியே காரணம். கதையை மாற்ற நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள், அந்த எபிசோடு எங்கேயும் விலைபோகவில்லை. அந்தப் பலகைகளை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த தடவை வந்தால் காட்டுகிறேன்.

அசிங்கத்தைக் குறைத்து மருட்கையைக் கூட்டினாலும் இந்த வகை நிற்கும் என்பதற்கு ஃபியூச்சராமா இருக்கிறது. 1999 மார்ச் 28இல் தொடங்கியது. குடிக்கிற, திருடுகிற, வாய் நீளமான ரோபோ ஒன்று அதில் உண்டு. சாராயம்தான் அதற்கு எரிபொருள் என்பதால் அந்தக் குடிக்கே ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது. அதை எழுதுகிறவர்களில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய கென் கீலர் என்பவர், 2010இல் வந்த ஒரு எபிசோடுக்காகவே ஒரு தேற்றத்தை நிரூபித்தார். ஆட்கள் உடம்பு மாறிப் போய்விடுகிறார்கள், ஒரே இருவர் இரண்டாம் முறை மாற முடியாது. எத்தனை பேர் எப்படிக் குழம்பியிருந்தாலும், மாறாத இரண்டு பேரைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டால் எல்லோரையும் அவரவர் உடம்புக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது தேற்றம். நீ இன்ஜினியரிங் படிக்கிறாய், தாளில் போட்டுப் பார். அந்தத் தொடரில் 2002இல் வந்த நாய்க் கதையைப் பற்றி மட்டும் நான் எதுவும் சொல்லமாட்டேன். நீயே பார்க்கவேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் குறை என்று எடுத்துக்கொள்ளாதே. மொழி. நம் கட்டியக்காரனின் பாதிச் சரக்கு தெலுங்கும் தமிழும் உரசுகிற இடத்தில்தான் இருக்கும். ராஜா, என்ன வேண்டும் என்று தெலுங்கில் "ஏமி காவாலி?" என்பார். இவன் "யாரைப் பார்த்துக் காவாலிங்கிறே?" என்று மல்லுக்கு நிற்பான். ஒருவன் "நாக்கு காவாலி" என்று தெலுங்கில் தனக்கு வேண்டும் என்று கேட்டால், இவன் நாக்கை நீட்டுவான். திருத்தணியில் இருக்கிறவருக்கு இது பாதி புரியும், மதுரைக்காரருக்கு விளக்கிச் சொல்லவேண்டும், விளக்கினால் சிரிப்பு போய்விடும். ரிக் பேசுகிற வேகமும், பொய்யான அறிவியல் சொற்களை அவர் கோர்க்கிற விதமும், மார்ட்டியின் திக்கலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஊறியவருக்குக் காதிலேயே சிரிப்பு வரும். நமக்கு சப்டைட்டில் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். மொழி தாண்டி உடனே வந்து சேர்வது ஏப்பமும் வாந்தியும் மட்டும்தான். அதனால் உனக்கு அது மட்டுமே தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. முதல் தடவை கதைக்காகப் பார், வசனத்தை விட்டுவிடு. இரண்டாம் தடவை வசனம் தானாக வரும்.

புரிந்துகொண்டதாக நினைப்பவர்கள் எல்லோரும் புரிந்துகொண்டவர்கள் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 2017 ஏப்ரல் 1 அன்று முன்னறிவிப்பில்லாமல் வந்த எபிசோடில், 1998இல் ஒரு படத்தின் விளம்பரத்துக்காக மெக்டொனால்ட்ஸ் கொடுத்த ஒரு தொக்குக்காக ரிக் ஏங்குவார். அந்த அக்டோபர் 7இல் அந்த நிறுவனம் கொஞ்சமே கொஞ்சம் செய்து விற்பதாக அறிவித்தது. கூட்டம் திரண்டது, சரக்கு போதவில்லை, ரசிகர்கள் கவுண்டரில் நின்ற வேலைக்காரர்களிடம் கத்தினார்கள். ரிக்கின் திமிரை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தத் திமிருக்கு அடியில் இருக்கும் வலியை விட்டுவிட்ட கூட்டம் அது. உன் ஹாஸ்டலில் யாராவது ரிக் மாதிரி பேசித் திரிந்தால் அவன் பேச்சை வைத்துத் தொடரை எடைபோடாதே.

நடுக்கூடத்தில் அம்மா இருக்கும்போது போடாதே. உன் தம்பி எட்டாவது படிக்கிறான், அவனுக்கு இது இப்போது வேண்டாம். முதல் பருவத்தின் ஐந்தாவது எபிசோடில் மார்ட்டியிடம் ஒரு பெரியவர் கழிப்பறையில் தவறாக நடக்க முயலும் காட்சி வரும். அதை அவர்கள் சிரிப்புக்காகச் செய்யவில்லை. பையனின் பயம் அப்படியே இருக்கிறது, தாத்தா அதைக் கேட்காமலே புரிந்துகொள்வதும் இருக்கிறது. எங்கே சிரிப்பை நிறுத்தவேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த காட்சி. ஆனால் முன்கூட்டித் தெரியாமல் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

முதல் பருவத்தை வரிசையாகப் பார், மொத்தம் பதினொன்றுதான், ஒவ்வொன்றும் இருபது நிமிடச் சொச்சம். ஆறாவதை ராத்திரி தனியாக, ஹெட்போன் போட்டுப் பார். அப்புறம் எட்டாவதுக்கு, அதாவது நீ ஏற்கெனவே பார்த்த டிவி எபிசோடுக்குத் திரும்பி வா. அக்கா தான் வேண்டாமல் பிறந்தவள் என்று தெரிந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போக நிற்பாள். மார்ட்டி அவளுடைய அறைக்கு வந்து ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டுவான். முதல்முறை நீ பார்த்தபோது அங்கே வெறும் தோட்டம்தான் தெரிந்திருக்கும். அவன் காட்டுவது தன்னுடைய குழியை. தினமும் காலையில் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன், நீயும் வா, வந்து டிவி பார் என்கிறான். அதற்குப் பிறகு சோபாவில் எல்லோரும் உட்கார்ந்து, மடத்தனமான ஒரு வேற்று உலக விளம்பரத்தைப் பார்ப்பார்கள். அப்போது சிரிப்பு வந்ததா இல்லையா என்று எனக்குப் போன் பண்ணிச் சொல்.